ஒரு பக்கத்துக்குள்

நாலு மணிக்குள் வேண்டுமாம்.
"அந்தக் கால்வாய் விவகாரம், தொடக்கத்திலிருந்து.
ஒரே பக்கம். அதற்கு மேல் யார் படிக்கிறார்கள்?"
மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார் கக்கட் சாப்.
கடல் என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான்.
நான் பிறந்தது கரோல்பாக்கில் என்று
பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சன்சத் மார்க் கட்டிடத்தின் அடித்தளம்.
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவக்கிறது.
கட்டை அவிழ்த்தால் தும்மல்,
தும்மல் அடங்கினால்
பாக் நீரிணை.

அறுபதில் ஒருவர் கோடு போடுகிறார்:
தோணித்துறையை இங்கே வெட்டுங்கள்.
அறுபத்தொன்றில் வேறொருவர்:
வெட்ட வேண்டாம், இருக்கிற பாம்பன் வாயை ஆழமாக்கினால் போதும்.
அறுபத்திரண்டில் லண்டனில் ஒரு குழு
நனையாத நாற்காலிகளில் அமர்ந்து
கோட்டைச் சற்றே தள்ளி வைக்கிறது.
அறுபத்துமூன்றில் கோடு
தீவின் மேலேயே ஏறிவிடுகிறது.

பிறகு எட்டு வருடம் யாரும் எழுதவில்லை.
ஏனென்று தேடினேன்.
சூயஸ் திறந்த கொண்டாட்டம் பற்றிப்
பத்திரிகைத் துணுக்கு ஒன்று கிடைத்தது,
குண்டூசி துருவேறித் தாளைக் கடித்தபடி.
எங்கோ மணலை வெட்டி முடித்துவிட்டார்கள்;
எழுபத்தொன்றில் இங்கே மறுபடி ரோஷம்.
எழுபத்திரண்டில் இன்னொன்று.
எண்பதுகளில் ஒரு கம்பெனியே.
எல்லாமே இலங்கையைச் சுற்றும் வீண் தூரத்தில் தொடங்கி
செலவை மேலும் ஆராயலாம் என்பதில்
இளைப்பாறுகின்றன.

இவற்றுக்கு நடுவே, யாரும் எண் போடாத ஒரு தாள்.
அளவைப் படகின் சம்பளப் பட்டியல்.
ஈயக்குண்டு எறிபவர், மீரான் கனி.
நாள் கூலி மூன்றணா.
ஒன்பதாம் தேதி அரையணா பிடித்தம்.
காரணம்: ஆழத்தைத் தன் பாஷையில் கூவியது.

அன்றைய கணக்கைத் தேடி எடுத்தேன்.
எழுதியவன் தடுமாறியிருக்கிறான்.
பாகம் என்று எழுதி, அடித்து, அடி.
அடியை அடித்து மறுபடி பாகம்.
எனக்குக் கேட்டது:
ரெண்டு பாகம்,
ரெண்டு பாகம்,
ஒண்ணரை,
மணலு, மணலு.

போன வாரம் அதே இடத்தில் ரெண்டரை.
ஓரத்தில் பென்சில் குறிப்பு: அளந்தவன் பிழை.
மணல் நகர்ந்திருக்குமோ என்று
துரைக்கு அன்று தோன்றவில்லை.
பத்து வருடம் கழித்து வேறொரு துரைக்குத் தோன்றியது,
நாற்பது பக்கத்துக்கு.

வரைபடத்தை விரித்தேன்.
மூன்று கோடுகள், மூன்று நிறம்.
ஒன்றையும் மதிக்காமல்
ஏதோ ஒரு பூச்சி
வடக்கு விரிகுடாவில் நுழைந்து
திட்டுகளை அறுத்துக்கொண்டு
மன்னார் பக்கம் வெளியேறியிருக்கிறது.
மதிப்பீடு இல்லை, டெண்டர் இல்லை.
சுண்டுவிரலை நுழைத்தேன், போனது.
பிம்லா எட்டிப் பார்த்து,
"பசை பூச வேண்டியதுதான்" என்றாள்.

மூன்று ஐம்பதுக்கு அச்செடுத்தேன்.
கக்கட் சாப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"இந்த மீரான் கனி எந்தக் கமிட்டி?"
கமிட்டி இல்லை சார், குண்டு எறிந்தவர்.
"எதன் மேல்?"
சொல்வதற்குள் சிவப்பு மை ஓடிவிட்டது.
இரண்டாம் பக்கத்துக்கு வழிந்த இரண்டு வரி
ஏறி உள்ளே அடங்கியது.

ஐந்தரைக்கு வெளியே வந்தால்
பனியும் புகையும் ஒன்றாகிக் கிடந்தன.
எதிர் விளக்குக் கம்பம் இல்லை, பட்டேல் சௌக் இல்லை.
நடைபாதை எங்கே முடிகிறதென்று
செருப்பு நுனியால் தட்டித் தட்டிப் போனேன்.
ஒண்ணரை என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன் போல.
வெள்ளைக்குள்ளிருந்து
கடலை வறுக்கும் கரண்டிச் சத்தம் நின்றது.
"கித்னா?"
எவ்வளவு என்று கேட்கிறான்.