துருக் கழிவு

ஆம்னியின் அடித்தகட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஓட்டை.
பதினோரு வருடம் முத்துப்பேட்டை இறால் பெட்டிகள்
சிந்திய தண்ணீர் அரித்தது போக
மிச்சத்தை மழை தின்றது.
இனி தகடு இல்லை,
ஒட்டோடுதான் ஒட்டை ஒட்ட வேண்டும் என்றார் ஜெகபர்.

தையல்நாயகி அதன் விளிம்பில்
இரு பாதமும் தூக்கி வைத்தே வருவாள்.
சாலையில் காயும் நெல்மீது ஏறிப் போனால்
கைப்பிடி நெல் உள்ளே தெறிக்கும்.
ஐப்பசி அடைமழையில்
மிதியடிக்கு அடியில் நாலைந்து முளைத்தும் விட்டது.
"நடவு ஆளுக்குச் சொல்லிடவா?" என்றாள்.
சிரித்தேன்.
அன்றிரவு பாஸ்புக்கை எடுத்தேன்.

கும்பகோணத்தில் ஒரு வேகன் ஆர்.
இரண்டாவது ஓனர், பல் டாக்டர்.
காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி
கதவெல்லாம் தடவினார் ஜெகபர்.
சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார்,
முகர்ந்தும் பார்த்தார்.
வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால்
அங்கே ஒரு வண்டல் கோடு இருக்குமாம்.
இல்லை.
"ஆறு ஏறாத வண்டி, எடு."

மன்னார்குடி காயலான்கடையில்
ஆம்னிக்கு எடை போட்டவன்
துருவுக்கென்று இருபது கிலோ கழித்தான்.
அதையும் சேர்த்துத்தானே
இத்தனை நாள் பெட்ரோல் போட்டுச் சுமந்தேன்
என்று கேட்க வாயெடுத்து
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

வெண்ணாற்றுப் பாலம் தாண்டி முதல் பள்ளம்.
செம்மண் தண்ணீர் கண்ணாடிவரை எழுந்து விழுந்தது.
உள்ளே ஒரு சொட்டில்லை.
தையல்நாயகி மட்டும்
கால் இரண்டையும் தூக்கி வைத்திருந்தாள்.

இறக்கு என்று நான் சொல்லவில்லை.
முப்பத்தாறு தவணை இருக்கிறது,
மெதுவாக இறக்கட்டும்.