அளவு நோட்டு

பாபநாசம் ரயிலடியில் என் கடை.
ராஜகீதம் பேண்டு செட்டுக்குப் பதினோரு கோட்டு,
சிவப்பு, தோளில் ஜரிகைக் குஞ்சம்.
பன்னிரண்டாவதாக வந்தவள்
அடைக்கலமேரி.
பாடுறதுக்கு, என்றார் மாஸ்டர்.
நோட்டில் ஆண் பக்கமா பெண் பக்கமா என்று
பென்சிலோடு நின்றேன்.

ஓடிப்போன கிளாரினெட்காரன் கோட்டையே
அவளுக்குப் பிடித்துக் கொடுத்தேன்.
பொத்தான் ஆம்பளைப் பக்கம், மாத்தவா?
"இருக்கட்டும் பாய்.
காலரை மட்டும் ஒரு விரல் இறக்குங்க,
மேல போகும்போது கழுத்தைப் பிடிக்குது."

தை பிறந்தால் கல்யாணம்,
மே மாசம் பூண்டித் தேர்,
நடுவில் எவனாவது செத்தால் அதுவும்.
ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால்
மூன்று டிரம்பெட்டுக்கும் மேலே ஏறி
அவள் குரல் குடமுருட்டிப் பாலம் தாண்டி வரும்,
நான் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன்.

சாவுக்கு மட்டும் முதல் வருஷம் கூப்பிடவில்லை.
பொம்பளை சுடுகாடு வரைக்கும் வருவாளா?
திருக்கருகாவூரில் ஒரு மிராசுதார் போனபோது
பாடகனுக்குக் காய்ச்சல். மைக் இவள் கைக்கு வந்தது.
பாதித் தெரு அழுதது,
மீதித் தெரு அவளைப் பார்த்தது.

கொஞ்ச நாளில் கோட்டு திரும்பி வந்தது.
நெஞ்சுப் பக்கம் முழுக்க ஊசித் துளை.
பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்.
ஊக்கு மாட்டிய கைகள்
எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன என்று
அவள் சொல்லவில்லை.
துணி சொன்னது.
"இடது கையில ஒரு பட்டை வச்சுத் தாங்க,
தடிமனா, மஞ்சள்ல.
குத்துறவன் அங்க குத்தட்டும்."

கான்வாஸ் கொடுத்துத் தைத்தேன்.
அடுத்த திருவிழாவில் ஒருத்தன் பழைய இடத்துக்கே நீட்டினானாம்;
பாட்டை நிறுத்தாமல் கையைத் தூக்கி
அவன் மூக்குக்கு நேரே காட்டினாளாம்.
டிரம்காரன் டீ ஆறும்வரை சிரித்தான்.

பத்தொன்பது வருஷம்.
பட்டை ஆறு முறை மாற்றியிருக்கிறேன்.
இரண்டு பிரசவத்துக்கு இடுப்பைப் பிரித்தேன்,
கர்ப்பப்பை எடுத்த பிறகு பிடித்தேன்.
தொண்டை கட்டிய ஓர் ஐப்பசி முழுக்க
கோட்டு என் ஆணியிலேயே தொங்கியது.
கூலி பாக்கி, நான் கேட்கவில்லை.

போன மாசம் மாஸ்டர் செட்டை விற்றுவிட்டார்.
வாங்கியவள் துணி பீஸோடு வந்தாள்,
பன்னிரண்டு கோட்டுக்கு.
எல்லாத்துக்கும் கையில் பட்டை.
ஆம்பளைகளுக்கு எதுக்கும்மா, என்றேன்.
என் கழுத்திலிருந்த டேப்பை அவளே உருவி
நீளம் காட்டினாள்.
"பாக்கெட்டுல போட்டா எனக்குக் கணக்கு தெரியாது பாய்.
கையில குத்தினா
பாடிக்கிட்டே எண்ணிடுவேன்."