குரைப்பு

தேய்மானம் என்றார் இன்வர்கார்கில் மருத்துவர்.
அந்தச் சொல்லைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
அறுபது கிலோமீட்டரும்
பின்னிருக்கையில் உட்கார்ந்து
என் இடுப்பையே பார்த்தபடி வந்தது.

இருபத்தாறு வருடம், நாளுக்கு முந்நூறு செம்மறி.
ரோமம் கத்தரித்தவனை
உள்ளிருந்து யாரோ கத்தரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.
சாக்பீஸ் முதுகு.
குனிந்தால் கொஞ்சம் உதிரும்,
தும்மினால் கொஞ்சம்.
ஆகவே குனிவதை விட்டேன்.
தும்மல் வந்தால் சுவரைப் பிடித்தேன்.
என் பூட்ஸ் கயிற்றை மெரெய்னா கட்டிவிட்டாள்,
நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல்.

ஒருவர் உடற்பயிற்சித் தாள் தந்தார்.
அதில் குச்சி மனிதன் ஒருவன்
பன்னிரண்டு படங்களிலும் காலைத் தூக்கினான்.
அவனுக்கென்ன, முதுகே ஒரு கோடு.
மூன்றாம் நாள் சுரீரென்றது.
போச்சு இன்னொரு துண்டு என்று
தாளைக் கணப்பில் போட்டேன்.

இன்னொருவர் ஒரு மணி நேரம் பேசினார்.
நரம்பு, மூளை, அபாயமணி.
நல்ல பேச்சு. தலையாட்டினேன்.
பிறகு நாற்காலியை இரு கையாலும் பற்றி
பலகைபோல் எழுந்தேன்.
ஏட்டுச் சுரைக்காய்
இடுப்பு வரை இறங்கவில்லை.

மோரக் டன்னட்டின் அறை
கோர் நகரில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால்.
தரையில் ஒரு வாளி, அதில் நான்கு கிலோ மணல்.
"வீட்டில் நாய் உண்டா?"
மோஸ், என்றேன். மந்தை ஓட்டும் நாய்.
குரைப்பதுதான் அதன் உத்தியோகம்.
"எதற்கெல்லாம் குரைக்கும்?"
ஒரு தடவை டீசல் திருட ஒருவன் வந்தான்.
அன்றிலிருந்து தபால்காரிக்கு, முள்ளெலிக்கு,
காற்றில் படபடக்கும் தார்ப்பாய்க்கு,
சில நாள் என் காலடிக்கே.
"வாளியைத் தூக்கு."
தூக்கினேன். சுரீர்.
"யார் வந்தது? திருடனா, தார்ப்பாயா?"

கோபம் வந்தது.
குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லவா
இத்தனை டாலர்?
கடிக்கிறது, என்றேன். ஏழு வருடமாக.
"கடிதான். வலி உன் கற்பனை என்று நான் சொல்லவே இல்லை.
காயம் எப்போதோ ஆறிவிட்டது. நாய்க்குத்தான் தெரியாது."
என் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இந்தத் தேய்மானம் உன் தலை நரை மாதிரி.
வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும்.
நரை வலிக்கிறதா?"
வலிக்கவில்லை. லேசாக வெட்கம், அவ்வளவுதான்.
"மறுபடி தூக்கு. மூச்சை அடக்காதே."

தூக்கும்போதே பேசினாள். பேசும்போதே தூக்கினேன்.
ஏப்ரலில் ஆறு கிலோ, மே மாதம் பத்து.
வீட்டில் மோஸைத் தார்ப்பாயை நோக்கி
நாளுக்கு ஓரடி நகர்த்தினேன்.
அதற்கு ஈரல் துண்டு.
எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூனில் உறைபனி. நான்கு நாள் படுக்கை.
அந்தப் பழைய சொல்
பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு ஏறி வந்தது.
போன் செய்தேன்.
"வாளி எங்கே?"
கட்டிலுக்கு அடியில்.
"பாதி மணலைக் கொட்டு. வாளியை விடாதே."
அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
திட்டிவிட்டுப் பாதியைக் கொட்டினேன்.

நவம்பரில், மைத்துனன் கொட்டகையில்,
ஓர் ஆட்டை முழங்கால்களுக்கிடையே சாய்த்தேன்.
அதன் சூடு. விரலில் கம்பளிப் பிசுக்கு.
முழுக்கக் குனிந்தேன்.
கீழ்முதுகில் யாரோ கதவைத் தட்டினார்கள்.
தார்ப்பாய்! என்றேன் சத்தமாக.
பக்கத்துப் பையன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

ஒன்பது ஆடு.
முந்நூறு இனி வராது, தெரியும்.
பத்தாவது என்ன ஆச்சு? என்றாள் மெரெய்னா.
தெம்பு இருந்தது. ஆனால் காலையிலேயே
ஒன்பது என்று எழுதி வைத்திருந்தேன்.

இப்போதும் குரைக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு மோஸ்,
அதற்குச் சற்று முன்னோ பின்னோ இடுப்பு.
பெரும்பாலும் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.
சில இரவு எழுந்து, குனிந்து,
கயிற்றை நானே கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.
ஒரு தடவை உண்மையாகவே
எதிர்ப் பண்ணைப் பசு ஒன்று
வேலியைத் தாண்டி நின்றிருந்தது.