மேற்பிரிவு மின்சாரச் சங்கத்தின் வரவு செலவு

பொருளாளர் நான்தான். பதின்மூன்று வருஷம்.
கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது,
ஓரத்தைக் கரையான் தின்ற நீல அட்டை.

முதல் பக்கத்தில் சங்கத்துக்கு முந்திய கதை,
செயலாளர் லூர்தம்மாள் ஆசைப்பட்டு எழுதியது:
துரை ஓடையை மறித்தார்.
இரும்புச் சக்கரம் கப்பலில் வந்தது,
அப்புத்தளை வரை ரயிலில் வந்தது,
மிச்சம் ஏழு மைல் நம்மாட்கள் தோளில் வந்தது.
ஸ்டோருக்கு வெளிச்சம், பங்களாவுக்கு வெளிச்சம்,
துரையின் நாய்க்கூட்டுக்கும் ஒரு பல்ப்.
கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான் போனது.
இறங்கவில்லை.

தோட்டம் அரசாங்கத்துக்கு மாறிய வருஷம்
செம்புக் கம்பியை யாரோ சுருட்டிக்கொண்டு போனார்கள்.
யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
லூர்தம்மாள் அதை எழுதவில்லை.

எங்கள் கணக்கு தொண்ணூற்றொன்பதில் தொடங்குகிறது.
வரவு: வீட்டுக்கு ஆயிரம், முப்பத்தெட்டு வீடு.
வீரமலை மட்டும் காசுக்குப் பதில்
நாற்பது நாள் வாய்க்கால் வெட்டினான்.
செலவு: பழைய தண்ணீர்ப் பம்பு ஒன்று.
மறுபக்கம் சுற்றவிட்டால் அதுவே டர்பைன் என்று
பண்டாரவளை கராஜ் பியசேன காட்டித் தந்தார்;
கூலி வாங்கவில்லை, ஒரு கிலோ தூள் வாங்கிப் போனார்.

ஐப்பசி, மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு புதன்கிழமை
வீரமலை வால்வைத் திறந்தான்.
வெளிச்சம் வந்ததும் காம்பராவுக்குள்
நாங்கள் முதலில் பார்த்தது
ஒருவர் முகத்தை ஒருவரல்ல, சுவரை.
எத்தனை வருஷத்துக் கரி!
அடுத்த ஞாயிறு மேற்பிரிவு முழுக்கச் சுண்ணாம்பு வாடை.

வீட்டுக்கு நூறு வாட். விதி ஒன்றுதான்: அயன் பெட்டி ஆகாது.
ஒரு வீட்டில் அயன் சொருகினால்
முப்பத்தெட்டு வீட்டிலும் பல்ப் பீடி நெருப்பாய்ச் சுருங்கும்,
லயம் முழுக்க ஒரே குரல்: "யாருடா அது?"
அபராதம் ஐம்பது ரூபா.
அதிகம் கட்டியவள் இருளாயி,
சோதனை எழுதப்போகும் மகளின் வெள்ளைச் சட்டைக்காக.
மூன்று தடவை. ரசீது கேட்டு வாங்கினாள்.

பிறகு சபையின் சீமெந்துத் தூண்கள் வந்தன,
தேர்தலுக்கு முந்திய மாதம்.
அயன், கேத்தல், றைஸ் குக்கர்;
யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை.
பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்று
நம் வீட்டுப் பல்பைப் பார்த்துச் சொல்லும் வழி
அதோடு நின்றது.

கடைசிக் கூட்டத்துக்கு ஒன்பது பேர்.
தீர்மானம்: இயந்திரத்தை விற்றுப் பங்கிடுவது.
முன்மொழிந்தது நான்.
வீரமலை வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு
வந்து உட்கார்ந்தான்.
அதை எதிர்ப்பென்று பதிய முடியாது.
பதுளைப் பழைய இரும்புக்காரர் தந்தது
இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு.
வீட்டுக்கு அறுநூறு.

பத்து வருஷம் கழித்து நாடே இருண்டது.
ஐந்து மணி நேரம், பத்து, பிறகு பதின்மூன்று.
மண்ணெண்ணெய் வரிசையில் கடைக்குக் கடை சண்டை.
ஓடை மட்டும் அந்தப் பங்குனியிலும்
வெட்கமில்லாமல் நிறைந்து ஓடியது.

மூன்றாம் இரவு ஆட்கள் என் வாசலில் நின்றார்கள்.
இருளாயியின் மகள், இப்போது டீச்சர்,
கையில் போன் வெளிச்சம்.
ஒன்றும் கேட்கவில்லை.
நானாகவே கொப்பியை விரித்தேன்:
அறுநூறு, அறுநூறு, அறுநூறு,
எதிரே அவரவர் கையெழுத்து, சிலருக்குப் பெருவிரல்.
ஒரு கட்டம் வெறுமை.
வீரமலை பங்கு வாங்கவே இல்லை.
அந்தத் தாள்கள் பின்னட்டைக்குள் அப்படியே,
ஒன்று செல்லாததாகக்கூட இருக்கலாம்.

டீச்சர் வெளிச்சத்தை அந்தக் கட்டத்தில் பிடித்தாள்,
பிறகு அணைத்தாள், சார்ஜை மிச்சம் பிடிக்க.
இருட்டுக்குள் யாரோ கேட்டார்கள்:
"பம்பு ஒன்று இப்ப என்ன விலை இருக்கும்?"

நான் பேனாவைத் தேடி எடுத்துத்
தேதியைப் போட்டேன்.
கோட்டின் மேல் நின்றதா தெரியாது.