அரைக்கால் குறைத்தேன்

ஏழு மாதம் தவணை கட்டி
ராமநாதபுரம் கூரியர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு
பாம்பன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
பெட்டிக்கு ஒரு மூலை நசுங்கல்.
அதற்கு நான் மார்க் குறைப்பதில்லை.
நசுங்கத்தானே பெட்டி.

ஷியோனே, முத்துக்குளிக்கிறவள்.
அனிமேயில் மூன்றாம் பாகத்தில்தான் வருவாள்,
நாலு காட்சி, வசனம் குறைவு.
எட்டில் ஒரு பங்கு அளவு. என் கைக்கு ஒரு சாண்.

பகலில் நான் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவன்.
அச்சிலிருந்து எது வந்தாலும்
கண் முதலில் தேடுவது
இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டை.
நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன்.
காது மடலுக்குப் பின்னால். அக்குளில். முழங்காலின் மடிப்பில்.
ஒன்றும் தட்டவில்லை.
படகில் நாங்கள் ரப்பர் பீடிங் அடித்து மறைப்பதை
இவன் ஜடை பின்னி மறைத்திருக்கிறான்.
கள்ளன்.

பெயிண்டில்,
தோளில் வெயில் விழுந்த இடம் மட்டும் ஒரு சாயல் கூடுதல்,
ஸ்ப்ரேயை எங்கே நிறுத்தினான் என்றே தெரியவில்லை.
கீழுதட்டில் ஒரு புள்ளி கோட்டைத் தாண்டியிருக்கிறது.
லென்ஸ் வைத்தால்தான் தெரியும்.
லென்ஸ் என்னிடம் இருக்கிறது.
வீசம் போச்சு.

காலடியில் கண்ணாடி மாதிரி ஒரு அலை.
ஆண்கடல் அலை அது, ஆனி மாதக் கச்சானில்
தெற்கே குந்துகாலில் வந்து அறைகிற சாதி.
வடக்கே பெண்கடலில் நுரை இப்படிச் சுருளாது.
அலையின் அடியில் இரண்டு குமிழி.
எங்கள் மேஸ்திரியாக இருந்தால்
அறுத்தெறிந்துவிட்டு மறுபடி ஊற்றச் சொல்லுவார்.
அலைக்குள் காற்று இருக்கக்கூடாதா என்ன,
விட்டேன்.

நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்:
'விலா அளவுக்கு மேல் உப்பல். வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கிறது.
உடற்கூறு தெரியாத கை. அரை மார்க் குறைவு.'

அப்போதுதான் ஜெசிந்தா அக்கா தீவுப் பக்கமிருந்து வந்தாள்.
தலை ஈரம். நெற்றியில் முகக்கண்ணாடி பதிந்த வட்டம்.
விரலில் சுற்றிய துணியைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே
குனிந்து பார்த்தாள்.

"விரல்ல துணி எங்கடா?"

இவ பாசி பறிக்கிறவ இல்லக்கா, முத்து எடுக்கிறவ.

"முத்து என்ன, பஞ்சு மெத்தையிலயா கெடக்கு?"

தொடாதே என்று சொல்வதற்குள்
கொண்டை ஊசி முனையால்
இடுப்புக் கயிற்றின் முடிச்சை நெம்பினாள்.
அரிசிக்குருணை அளவு முடிச்சு.
புரி புரியாகச் செதுக்கியிருக்கிறான் என்று
நான் வியந்து ஒரு பக்கம் எழுதிய முடிச்சு.

"நனைஞ்சா நழுவும் இது.
மேல இருந்து இழுக்கிறவன் கைக்கு
வெறுங்கயிறுதான் வரும்."

அரைக்கால் குறைத்தேன்.
ஒன்றரை குறை என்றாள்.
ஒரு முடிச்சுக்கா?
"ஆள் செத்துரும்லடா."

பிறகு அவள் பேசவில்லை.
விலாவின் மேல்,
நான் பிழை என்று எழுதிய அதே இடத்தில்,
ஊறி வெளுத்த விரலை வைத்தாள்.

"மூச்சு மட்டும் சரியாப் பிடிச்சிருக்கான்.
அடிவயித்த உள்ள இழுத்து, இந்தா, இந்த எலும்பு வரைக்கும்
ரொப்பியாச்சு.
இன்னும் எறங்கல.
எறங்கப் போறா."

சோறு போட்டுக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.
நான் அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.
அடித்து எழுதியதில் தாள் கிழிந்தது.

இது நடந்து ஒரு மாதம்.
தகரக் கூரை, சித்திரை வெயில்,
கணுக்காலுக்குள் கம்பி வைக்கவில்லை கம்பெனிக்காரன்.
இன்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
முன்பக்கமாக இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறாள்.

சூட்டில் பிளாஸ்டிக் இளகியது, கட்டுமானக் குறை
என்று எழுத வேண்டும்.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.