ஒரு முறை என்பது பதினைந்து விநாடி

அறுபத்தெட்டுப் பக்கம்.
நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறு வரை
கறையான் தின்றுவிட்டது.
பக்கவாட்டுக் கவசம் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பென்று
இந்த வீட்டில் இனி ஒருவருக்கும் தெரியாது.

மல்லாவிக்குத் தண்ணீர்த் தாங்கி கட்ட வந்த வெள்ளைக்காரர்
விட்டுவிட்டுப் போன
யுத்த டாங்கிப் புத்தகம்.
தொண்ணூற்றேழு. பற்றரிக்குத் தடை. மெழுகுதிரிக்குத் தடை.
ஜாம் போத்தல் விளக்கில்
றெஜினோல்ட் அகராதி புரட்ட
நான் சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்:
'விதி 14.3. புதைநிலையில் கோபுரம் மட்டும் தெரியும்.'
ஓ.எல். சோதனைக்கு நாங்கள் இப்படிப் படிக்கவில்லை.

வீச்சுவலையின் ஈயக்குண்டைத் தட்டித் தட்டி
நகத்தளவில் டாங்கி.
குழலுக்கு, முறிந்த தையல் ஊசி.
கவிழ்த்த சிரட்டை மலை, பொச்சு காடு,
அப்பாவின் நீலச் சாரம் ஆறு
(அவர் குளிக்கக் கேட்கும்வரை).
பத்து முகப் பகடை வேண்டுமென்றது புத்தகம்.
ஒன்றிலிருந்து நூறு வரை துண்டுக் கடதாசியில் எழுதி
மாமைட் போத்தலில் போட்டுக் குலுக்கினோம்.

ஒரு வெடிக்குப் பத்து நிமிடக் கணக்கு.
தூரம் பார். சாய்வு பார்.
சுடுகிறவன் ஓடுகிறானா நிற்கிறானா,
இடையில் புகை உண்டா,
கழி, கூட்டு, போத்தலைக் குலுக்கு.
பட்டால் பேந்தும் ஓர் அட்டவணை:
சங்கிலி அறுந்தது. கோபுரம் இறுகியது.
73 முதல் 75 வரை: உள்ளிருந்தவர்கள் இறங்கித் தப்பினர்.

ஒரு முறை என்பது பதினைந்து விநாடி.
சனிக்கிழமை முழுக்க விளையாடினால்
யுத்தம் ஒன்றரை நிமிடம் நகரும்.

பேந்து வந்தது
எந்த அட்டவணையும் பார்க்கவில்லை.
அதைப்பற்றி இவ்வளவும் போதும்.

உரப்பையில் சுற்றித் தாட்ட தகரப்பெட்டியைத்
திரும்பி வந்து கிண்டி எடுத்தேன்.
அலுமாரிக்கு மேலே பதினொரு வருசம்
திறக்காமலே கிடந்தது.

போன புதன்கிழமை
மோட்டர் வைண்டிங் கடையைப் பூட்டிவிட்டு றெஜி வந்தான்.
காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு
நிலத்தில் இருந்தான்.
'எப்பவும் நீதான் கிழக்கால வாறனி. இண்டைக்கு நான்.'
விரலில் இன்னும் செப்புக்கம்பி வெட்டு.
பதினொரு டாங்கியில் ஏழு மிச்சம்.
பக்கவாட்டில் சுடுவதில்லையென்று பேசிக்கொண்டோம்.

அவன் அளக்கும்போது நான் பொருளடக்கம் பார்த்தேன்.
மாடு இல்லை. உழவு இயந்திரப் பெட்டி இல்லை.
சைக்கிளில் பாய் கட்டி உருட்டிப் போகிறவர் இல்லை.
பங்கர் உண்டு: இருபதைக் கழிக்க.
உள்ளே யாரென்ற கேள்வி இல்லை.
பதினைந்து வயதில் இது
எங்கள் இரண்டு பேருக்கும் குறையாகத் தெரியவில்லை.
அப்போது எங்களுக்குக் குறை
குண்டூசி கிடைக்காததுதான்.

புத்தகத்தின் முதுகுத் தையலுக்குள்
ஒரு கடதாசித் துண்டு. 73.

'நான்தான் எடுத்தனான்,' என்றேன்.
'உன்ர ஆக்கள் ஒவ்வொருமுறையும் தப்பிக்கொண்டிருந்தவை.'

'தெரியும். நான் 12ஐ எடுத்தனான்.'

'எங்க அது?'

'காற்சட்டைப் பொக்கற்றுக்க. தொண்ணூற்றெட்டில
ஆஸ்பத்திரியில வெட்டினவையெல்லோ,
அதோட போச்சு.'

சொல்லிவிட்டு, அளவுகோலைப் பிடித்தபடியே,
'உன்ர முறை' என்றான்.

73ஐ இரண்டாய் மடித்துப் போத்தலில் போட்டேன்.
மூன்று முறை ஆடினோம். நாற்பத்தைந்து விநாடி.
ஒருவனுக்கும் ஒன்றும் படவில்லை.
நுளம்புத்திரி எரிந்து முடிய அவன் காலை மாட்டிக்கொண்டு
சைக்கிளை எடுத்தான்.

விதிப்படி, கோபுரம் ஒரு முறைக்கு
நாற்பத்தைந்து பாகைதான் திரும்பும்.
என்னுடைய கடைசி டாங்கி
பாதி திரும்பியபடி சீமெந்து நிலத்தில் நின்றது.

விடிய எழும்பிப் பார்த்தேன்.
சுகிர்தா வீடு கூட்டியிருந்தாள்.
அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு
தூசி
அப்படியே இருந்தது.