துருவுக்கு என்ன நிறம்

மூன்றாம் மாடி அறைக்கு வாடகை குறைவு,
தண்ணீர் ஏறாது என்பதால்.
ஜன்னலைத் திறந்தால் ஹட்டன்
முதுகைக் காட்டிப் படுத்திருக்கும்:
தகரம், தகரம், ஆஸ்பெஸ்டாஸ், ஒரு நீலத் தாங்கி,
காற்றுக்குப் பயந்து கூரைமேல் ஏற்றிய பழைய டயர்கள்,
இன்னொரு மாடிக்கு ஆசைப்பட்டு
வானத்தைக் குத்திக்கொண்டிருக்கும் கம்பிகள்.

வார நாளில் ஃபினான்ஸ் கம்பெனியில்
த்ரீவீலர் தவணை தவறியவர்களுக்குக் கடிதம் அடிக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை கூரை வரைகிறேன்.
இரண்டாவதை யாரும் கேட்கவில்லை.

கண்டியில் வாங்கிய ஆறு டியூப்,
வெள்ளை மட்டும் பெரியது.
கென்வஸ் விலையைக் கேட்டுவிட்டு
ஹார்ட்போர்ட் வாங்கினேன்.
பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தபோது
கதவு போடப் போறீங்களா என்றார் பக்கத்து சீட்காரர்.

முதல் மாதம் எல்லாக் கூரையும் சிவப்பு.
கூரை என்றால் சிவப்பு என்று
மூன்றாம் வகுப்பில் பழகிய கை.
தள்ளி நின்று பார்த்தால்
ஊராக இல்லை, பிஸ்கட் டின் மூடியாக இருந்தது.

அப்புறம்தான் துருவைக் கலக்கத் தொடங்கினேன்.
சுட்ட மண்ணிறத்தில் ஒரு துளி நீலம்: தேயிலைச் சாயம்.
இரண்டாவது துளி விழுந்தால் புண்.
காலை எட்டு மணித் துரு வேறு,
நனைந்த துரு வேறு.
பள்ளிக்கூடத்துக் கூரைத் துருவில் ஊதா இருக்கிறது,
சத்தியமாக, வந்து பாருங்கள்.

பத்து மணிக்கு மூடுபனி வரும்.
ஸ்டேஷனிலிருந்து தின்றுகொண்டே ஏறி
நான் பாதி கட்டிய வீட்டையும் விழுங்கும்.
தூரிகையைக் கடித்தபடி காத்திருப்பேன்,
பூட்டிய வாசலில் நிற்கும்
எங்கள் ரெகவரி ஆபீசர் மாதிரி.

எண்ணெய் இங்கே லேசில் காயாது.
ஜூலையில் பூசியது ஆகஸ்ட்டில் விரலில் ஒட்டும்.
பிழை விட்டால் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.
தபாலில் போட்ட கடிதத்தை அப்படித் துடைக்க முடியாது.

யோகமலர் மேலே வந்தது
டர்பென்டைன் நாற்றத்துக்குச் சண்டை பிடிக்க.
பக்கத்துக் கட்டடம், தையல் கடை.
கல்யாண பிளவுஸ் எல்லாம் நாறுதாம்.
பாதிப் பேச்சில் பலகையைப் பார்த்தார்.
"இது யாரு கூரை?"
உங்களதுதான் என்றேன்.
"பதினாலு வருசமா இதுக்குக் கீழ இருக்கேன்,
மேல எப்படி இருக்கும்னே தெரியாது."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு விரலை நீட்டினார்:
"இந்தக் கறுப்பு?"

வெட்கமாகிவிட்டது.
கை நழுவிய கோடு என்றே நினைத்திருந்தேன்,
துடைக்க மறந்தது.
அவர் சுவரிலிருந்து தகரங்களை எண்ணினார்,
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
"நாலாவதுக்குக் கீழதான் ஓவர்லாக் மெஷின்.
ரெண்டு பாஸ்மார் ஏறிப் பாத்து
ஓட்டையே இல்லன்னு சொல்லிக் காசு வாங்கிட்டுப் போனாங்க."

ஜன்னலுக்கு ஓடினோம்.
வெளியே பனி, வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.
நான் கண்டு வரைந்தேனா, கை தவறியதா,
கேட்க ஊரே இல்லை.
அதற்குள் பலகை அவர் கக்கத்தில்.
காயலங்க, காயல என்று நான் கத்தக் கத்தப்
படியிறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது,
வானத்தில் ஒரு பெருவிரல் ரேகையோடு.
"ரெண்டு ரூபாக் குத்தி அளவு ஓட்டை.
ஆனா அந்த நாத்தம் நாத்தம்தான்."

நாலாவது தகரத்தின்மேல் இப்போது
ஒரு சதுரப் புது ஒட்டு.
பனி வந்தால் வெள்ளை, விலகினால் நீலம்,
காகம் கடந்தால் ஒரு நொடி கறுப்பு.
மூன்று ஞாயிறாகக் கலக்குகிறேன்.
ஆறு டியூபிலும் அது இல்லை.
ரேகையை விட்டுவைத்திருக்கிறேன்,
மேகம் வரவேண்டிய இடம்தான் அது.